எலும்பண்ணனின் கட்டைவிரல்

வாய் கொப்பளித்த தண்ணீர் என் பேச்சைக் கேட்காமல் இடது பக்கமாக ஒழுகி நைட்டியை நனைத்த அந்தக் காலையில் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். பயம் அதற்கப்புறம் வந்தது. இன்னொரு வாய் தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்தேன். அதுவும் ஒழுகியது. என்ன கருமம் இது என்று கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் என் முகத்தின் வலது பாதி என்னை முறைக்கிறது, இடது பாதி எனக்கென்ன என்று சும்மா கிடக்கிறது.

வீட்டில் காலைக் காப்பி என் கணவர் கையால்தான். டம்ளரோடு வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, "காலங்காத்தால என்னத்துக்கு மூஞ்சைக் கோணிக்கிற?" என்றார். நான் கோணவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை பாதி காற்றாகப் போனது. அவர் டம்ளரைக் கீழே வைத்த விதத்தில்தான் எனக்குப் பயம் பிடித்தது. பதற்றமே தெரியாத மனுஷர் அவர். ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவில் எந்த வீட்டில் என்ன நடந்தாலும் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார். அன்று பனியனோடு ஓடிப் போய் ஆட்டோ பிடித்தார்.

பக்கவாதம் என்றே இரண்டு பேரும் நினைத்தோம். ஆட்டோவில் வாய் திறந்து அதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். நெற்றியைச் சுருக்கச் சொன்னாள், கண்ணை இறுக்கி மூடச் சொன்னாள், பல்லைக் காட்டச் சொன்னாள், கன்னத்தை உப்பச் சொன்னாள். நான் வகுப்பில் பிள்ளைகளிடம் ஒவ்வொரு வருஷமும் சொல்கிற அதே வரிசை. வலது பக்கம் எல்லாவற்றையும் செய்தது. இடது பக்கம் எதையும் செய்யவில்லை.

"ஸ்ட்ரோக் இல்லை மேடம். நெத்தியும் சேர்ந்து அசையலை பாருங்க, அதனாலதான் தைரியமா சொல்றேன். காதுக்குப் பின்னாடி வர்ற முக நரம்பு வீங்கியிருக்கு. மாத்திரை தர்றேன், கண்ணுக்குச் சொட்டு மருந்து தர்றேன். பெரும்பாலும் சரியாயிடும்."

"பெரும்பாலும்னா?" என்று கேட்டேன். அந்த 'பெ' வெளியே வரவில்லை. அவளுக்குப் புரிந்தது.

"மேடம், நரம்பு அவசரப்படாது. நீங்களும் அவசரப்படாதீங்க."

என்னிடம் போய் அவசரப்படாதே என்கிறாள். பால் பொங்கக்கூடப் பொறுமை இல்லாமல் அடுப்பை முழு வேகத்தில் வைக்கிறவள் நான்.

விவேக் நகரில் ஒரு சந்துக்குள் இருக்கும் பள்ளியில் நாலாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் அறிவியல் எடுக்கிறேன். எலும்பும் நரம்பும் ஐந்தாம் வகுப்புப் பாடம். அந்தப் பாடத்தில் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். படத்தைக் காட்டி மனப்பாடம் பண்ண வைத்தால் போதும் என்று எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் மேடம் சொன்னதைக் கேட்காமல், ஆளுயரப் பிளாஸ்டிக் எலும்புக்கூடு ஒன்று வேண்டும் என்று வருஷக்கணக்காக அவர் பிராணனை வாங்கி வாங்கினது அது. இரும்புக் கம்பியில் சக்கரம் வைத்து நிற்கும். கையையும் காலையும் கொக்கியிலிருந்து கழற்றலாம், தலையைத் தனியாகத் தூக்கலாம். தூசி படியாமல் இருக்கவும் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் பார்த்து அலறாமல் இருக்கவும் என் பழைய நூல் புடவை ஒன்றை மேலே போர்த்தி வைத்திருந்தேன். அந்தப் புடவையோடு அது நிற்பதைப் பார்த்தால் கல்யாண வீட்டில் யாரோ கோபித்துக்கொண்டு மூலையில் நிற்கிற மாதிரி இருக்கும். பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் எலும்பண்ணன். கன்னடப் பிள்ளைகளுக்கும் அவன் எலும்பண்ணன்தான்.

எங்கள் பள்ளியில் தமிழ், கன்னடம், தக்னி உருது, தெலுங்கு எல்லாம் ஒரே பெஞ்சில் உட்காரும். பாடம் இங்கிலீஷில், சந்தேகம் எல்லா மொழியிலும். அதனால் நான் பேச்சை நம்பிப் பாடம் எடுப்பதில்லை. உடம்பை நம்பித்தான் எடுப்பேன். நரம்புக்கு என்னிடம் ஒரு விளையாட்டு உண்டு. பிள்ளைகளைக் கைகோத்து வரிசையாக நிற்க வைப்பேன். ஒரு முனையில் நிற்பவள் கால். நடுவில் ஒருத்தன் முதுகுத்தண்டு. மறுமுனையில் நிற்பவன் மூளை. காலுக்கு முள் குத்தினால் அவள் அடுத்த கையை அழுத்த வேண்டும், அவன் அடுத்த கையை. வாயைத் திறக்கக் கூடாது. அழுத்தம் முதுகுத்தண்டுக்கு வந்ததும் அவன் இரண்டு பக்கமும் அழுத்துவான். ஒன்று திரும்பிப் போய்க் காலைத் தூக்க வைக்கும், மற்றது மூளைக்குப் போகும். மூளை "அம்மா" என்று கத்துவதற்குள் கால் மேலே போயிருக்கும். அதைப் பார்த்ததும் பிள்ளைகள் முகத்தில் ஒரு திகைப்பு வரும் பாருங்கள், அதற்காகவே நான் இந்த வேலையில் இருக்கிறேன்.

தசரா லீவு முடிந்து பள்ளி திறக்கும் வாரத்தில் பெற்றோர் வந்து உட்கார்ந்து பார்க்கும் வகுப்பு ஒன்று வருஷா வருஷம் உண்டு. ஐந்தாம் வகுப்பு என்றால் அது நான்தான், எலும்பும் நரம்பும்தான். முகம் கோணி லீவு போட்டு வீட்டில் உட்கார்ந்த சில நாளிலேயே மேடம் போன் பண்ணினார். நல்ல மனசுக்காரர்தான், குறை சொல்ல மாட்டேன்.

"நீங்க ரெஸ்ட் எடுங்க மிஸ். பேரண்ட்ஸ் க்ளாஸை மேத்ஸ் மிஸ் எடுத்துக்கட்டும். உங்களுக்கும் சங்கடம், பிள்ளைங்களுக்கும் சங்கடம்."

எனக்குச் சுருக்கென்றது. வேண்டாம் மேடம், நானே வருவேன் என்று சொல்லப் போனேன். 'மே'வுக்கு உதடு மூட வேண்டும். என் உதடு பாதிதான் மூடியது, வார்த்தை கொழகொழவென்று வந்தது. அதைக் கேட்டு அவர் இன்னும் இரக்கப்பட்டார். யோசித்துச் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டார். நான் யோசிக்கவில்லை, அழுதேன். அழுகையிலும் இடது கண் மட்டும் தன் பாட்டுக்குத் திறந்தே இருந்தது. இந்த வகுப்பை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுத்தால் அப்புறம் நான் எந்த வகுப்பிலும் தலை நிமிர்ந்து நிற்கப் போவதில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கோணல் முகத்தோடு நிற்பதும் முடியாது என்று அதே அளவு நிச்சயமாகத் தெரிந்தது. லீவு முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிடந்தேன்.

இதற்கிடையில் தெருவே வைத்தியர் ஆனது. பஸ் ஜன்னல் காத்து அடிச்சிருக்கும் என்றார் மாடி வீட்டு அக்கா. எதிர் வீட்டம்மா புறா ரத்தம் தடவினால் சரியாகும் என்று உறுதியாகச் சொன்னார், எங்கே புறா கிடைக்கும் என்றும் சொன்னார்.

"புறா என்னம்மா தப்பு பண்ணுச்சு?" என்று கேட்க நினைத்தேன். பு வராததால் அந்தப் புறா தப்பித்ததோ இல்லையோ, எதிர் வீட்டம்மா தப்பித்தார்.

பிசியோதெரபி சொல்லிக் கொடுத்தவர் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பலூன் ஊதச் சொன்னார், ஸ்ட்ராவில் உறிஞ்சச் சொன்னார், உதடு சேரும் எழுத்துகளைச் சொல்லிப் பழகச் சொன்னார். என் கணவர் கடையிலிருந்து ஒரு பாக்கெட் பலூன் வாங்கி வந்து எனக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் ஊதினால் காற்று இடது மூலையில் புஸ்ஸென்று போய்விடும். அவர் விரலால் அந்த மூலையை அமுக்கிப் பிடிப்பார், அப்போது கொஞ்சம் ஊதும்.

"பப்பாளி சொல்லு."

சொன்னேன்.

"சரி, பம்பரம் சொல்லு."

"நீங்க சொல்லுங்க உங்க பம்பரத்தை" என்று எரிந்து விழுந்தேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்தால் எனக்கும் சிரிப்பு வரும், சிரித்தால் முகம் ஒரேயடியாக வலது பக்கம் இழுத்துக்கொள்ளும், அதை நான் பார்க்கக் கூடாது என்று அந்த மனுஷர் அந்த லீவு முழுக்க வீட்டில் ஒரு தமாஷ்கூடப் பேசவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. எங்கள் வீட்டில் சிரிப்பு இல்லாமல் சோறு இறங்கினதே கிடையாது.

பாடத்தில் எனக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. எலும்புக்கு போன், மூளைக்கு பிரெய்ன். இரண்டுக்கும் முதல் எழுத்திலேயே உதடு மூட வேண்டும். இந்த இரண்டு வார்த்தையும் இல்லாமல் அந்த வகுப்பை எப்படி எடுப்பது? கண்ணாடி முன்னால் நின்று இடது உதட்டை ஒரு விரலால் தாங்கிக்கொண்டு அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஆயுத பூஜையன்று கீழே என் கணவர் ஸ்கூட்டரைக் கழுவி மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் பூசணிக்காய் உடைத்தார். தெருவெல்லாம் குங்குமமும் பூசணிச் சதையுமாகச் சிவந்து கிடந்தது. ஒவ்வொரு வருஷமும் வாசலில் நின்று எல்லோருக்கும் பொரி அள்ளிக் கொடுப்பவள் நான், அன்று ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன்.

கன்னட மிஸ் போன் பண்ணினாள். பள்ளியில் எனக்கு அவள்தான் சிநேகிதி. அவள் தமிழில் பேசினால் கன்னடம் இடையில் புகுந்து புறப்படும்.

"ஏனு மிஸ், இன்னும் மூஞ்சைத் தூக்கி வெச்சுட்டு உக்காந்திருக்கியா? ஸ்கூல்ல லீவுக்கு முன்னாடியே பூஜை ஜோரா ஆச்சு. ஆயாம்மாவும் உன் பிள்ளைங்களும் சேர்ந்து பெஞ்சு, கம்ப்யூட்டர், வாட்டர் ஃபில்டர், பெல்லு எல்லாத்தையும் தொடச்சி பொட்டு வெச்சாங்க. உன் எலும்பண்ணனையும் விடல. அவனுக்கும் குளிப்பாட்டி பூஜை ஆச்சு."

"சரி சரி" என்றேன். பாதிதான் காதில் வாங்கினேன். என் கவலை எல்லாம் என் முகத்தோடு இருந்தது.

கடைசியில் போனேன். எப்படிப் போனேன் என்றால், மாஸ்க் போட்டுக்கொண்டு. கொரோனா காலத்தில் வாங்கிப் பீரோவில் கிடந்தது. அதைப் போட்டதும் கண்ணாடியில் இரண்டு கண் மட்டும் தெரிந்தது, இடது கண் கொஞ்சம் முறைத்தது, பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். மேடத்துக்கு மாஸ்க்கைப் பார்த்ததும் மூச்சு வந்தது. "நல்ல ஐடியா மிஸ்" என்றார். கைக்குட்டையை மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். எதைக் குடித்தாலும் இடது பக்கம் ஒழுகுவதால் அது இல்லாமல் நான் எங்கேயும் போவதில்லை.

அறிவியல் அறையில் பெஞ்சைச் சுவரோரம் தள்ளிப் பெற்றோரை உட்கார வைத்திருந்தார்கள். வேலைக்கு லீவு போட்டு வந்தவர்கள், அங்கிருந்தே வேலைக்குப் போக ஐடி கார்டோடு வந்தவர்கள், நீலசந்திராவிலிருந்து வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்த அம்மாக்கள். மூலையில் எலும்பண்ணன் என் நூல் புடவையைப் போர்த்திக்கொண்டு, மேலே காய்ந்து போன சாமந்தி மாலையோடு நின்றான். அவனைத் திறந்து பார்க்க எனக்கு நேரமும் இல்லை, நினைப்பும் இல்லை.

கைகோக்கும் விளையாட்டில் ஆரம்பித்தேன். அதற்குப் பேச்சு தேவையில்லை என்பதால்தான் அதை முதலில் வைத்தேன். நன்றாகவே போனது. முள் குத்தியது, அழுத்தம் ஓடியது, கால் தூக்கியது, மூளையாக நின்ற பையன் தாமதமாக "அம்மா" என்று கத்தினான். அம்மாக்கள் பக்கம் கைதட்டல். சரி, இனி ஏன் அப்படி என்று விளக்க வேண்டும். விளக்க ஆரம்பித்தேன். பின் வரிசையில் ஒரு அப்பா மரியாதையாகக் கையைத் தூக்கினார்.

"மிஸ், தப்பா நெனைக்காதீங்க, இங்க ஒண்ணும் கேக்கலை."

சத்தமாகச் சொன்னேன். மாஸ்க்குக்குள் அது இன்னும் குழறியது. "இல்லை மிஸ், புரியலை" என்றார் பக்கத்திலிருந்த அம்மா. மேடம் நாற்காலியில் நெளிவது தெரிந்தது. மேத்ஸ் மிஸ் வாசலில் தயாராக நின்றாள். அவளைப் பார்த்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. பாவம், அவள் என்ன செய்வாள், மேடம் நிற்கச் சொல்லியிருப்பார். எனக்கோ அந்தக் கோபம்தான் கை கொடுத்தது. போனால் போகிறது போ என்று மாஸ்க்கைக் கழற்றி மேஜைமேல் போட்டேன்.

பெரியவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் வேறு எங்கோ பார்த்தார்கள். சுவரைப் பார்த்தார்கள், போனைப் பார்த்தார்கள். பிள்ளைகள் மட்டும் என்னையே பார்த்தார்கள். முதல் பெஞ்சுக்காரி ஒருத்தி உண்டு. மனசில் பட்டதை உடனே கேட்காவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும். வரிசையில் கால் வேலை பார்த்தவள் அவள்தான். இன்னும் பக்கத்துப் பையனின் கையைப் பிடித்தபடியே கேட்டாள்.

"மிஸ், உங்க லைன்ல யாரோ கையை அழுத்தலை, இல்லையா?"

அவளுடைய அம்மா பெஞ்சிலிருந்து "ஏய்" என்றார். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். இத்தனை நாளில் என் முகத்தைப் பற்றி என்னிடம் ஒருவர் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது. சரியான கேள்வியும்கூட.

"ஆமா கண்ணு. மூளை சொல்லுது, இடது பக்கம் சிரின்னு. வழியில நிக்கிற ஒருத்தர் அதை அடுத்த ஆளுக்குச் சொல்லலை."

"ஓடிப் போய்ட்டாங்களா?"

"இல்லை. அங்கேயேதான் நிக்கிறாங்க. தூங்குறாங்க."

அவள் யோசித்தாள். "எப்ப எழுந்திருப்பாங்க?"

"தெரியாது. டாக்டருக்கும் தெரியலை."

பதிலைச் சொல்லி முடித்ததும் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டேன். ஆனால் பிள்ளைகளுக்கு அதில் அழ என்ன இருக்கிறது? அவர்களுக்கு அது பாடம். "புருவத்தைத் தூக்குங்க மிஸ்" என்றான் ஒருவன். தூக்கினேன். வலது புருவம் மட்டும் மேலே போனது. உடனே மொத்த வகுப்பும் ஒற்றைப் புருவத்தைத் தூக்கப் பார்த்தது. யாருக்கும் வரவில்லை. ஒருத்தன் இடது புருவத்தைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு முயன்றான். "எங்களுக்கு வரலையே மிஸ்" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்கள். பெற்றோரில் இரண்டு மூன்று பேரும் நைசாக முயற்சி பண்ணுவதைப் பார்த்தேன். எனக்கு உடம்பு லேசானது. போன், பிரெய்ன் இரண்டையும் விரலால் உதட்டைத் தாங்கிக்கொண்டு எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஏன் விரல் என்று யாரும் கேட்கவில்லை. அதுவும் பாடத்தில் சேர்ந்துவிட்டது.

"சரி, நரம்பு போதும். எலும்புக்கு வருவோம். அண்ணனைக் கூட்டிட்டு வாங்க" என்றேன்.

இரண்டு பேர் சக்கரத்தை உருட்டி நடுவில் நிறுத்தினார்கள். நான் மாலையை எடுத்து வைத்துவிட்டுப் புடவையை இழுத்தேன்.

எலும்பண்ணன் நெற்றியில் மூன்று பட்டை விபூதி. நடுவில் எட்டணா அளவு குங்குமம். விலா எலும்பு ஒவ்வொன்றிலும் மஞ்சள் தடவி அது பிளாஸ்டிக்கில் ஊறி, துடைத்தாலும் போகாத நிறத்தில் நின்றது. அத்தனை பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். சிரிக்க அவனுக்கு நரம்பு எதற்கு? பின்னால் யாரோ களுக்கென்றார்கள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு, "எல்லாரும் அண்ணனை மாதிரி நில்லுங்க. அவர் எலும்பு எங்க எங்க இருக்கோ, அங்கங்க உங்க உடம்பைத் தொட்டுப் பாருங்க" என்றேன்.

பிள்ளைகள் நின்றார்கள். தலையைத் தொட்டார்கள், விலாவைத் தொட்டார்கள். கைக்கு வந்ததும் சத்தம் ஆரம்பித்தது. ஒருத்தன் தோளை முறுக்கினான். ஒருத்தி முழங்கையைத் திருப்பிப் பார்த்து வலிக்கிறது என்றாள். வகுப்பு முழுக்கக் கயிறு முறுக்குவது போல நெளிந்தது. முதல் பெஞ்சுக்காரி நெளியவில்லை. எலும்பண்ணன் பக்கத்தில் போய்த் தன் கையை அவன் கையோடு வைத்துப் பார்த்தாள்.

"மிஸ், அண்ணனுக்குக் கட்டைவிரல் தப்பு பக்கம் இருக்கு."

பார்த்தேன். வலது கை இடது தோளில் தொங்குகிறது. இடது கை வலது தோளில். அப்படியே கண்ணைக் கீழே இறக்கினால் காலும் அப்படித்தான், பெருவிரல் இரண்டும் வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டு, ஒன்றோடொன்று பேச்சு வார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி நிற்கின்றன.

அறை வாசலில் டீ கேனோடு நின்ற ஆயாம்மா ஒரு அடி முன்னால் வந்தார். எங்கள் பள்ளியில் எல்லா இடத்தையும் பெருக்கித் துடைத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் மூக்கு துடைத்துவிடுகிறவர்.

"நான்தான் மிஸ். ஆயுத பூஜைக்கு எல்லாத்தையும் கழுவுறோம், இவரை மட்டும் எப்படி அழுக்கா விடுறது? பிள்ளைங்க கழட்டிக் குடுத்தாங்க, நான் சோப்புப் போட்டுக் கழுவி வெயில்ல காய வெச்சேன். மாட்டும்போது ரெண்டு கையும் ஒரே மாதிரிதானே இருந்துச்சு." எலும்பண்ணனை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சாமி கும்பிடும்போது நல்லாத்தான் நின்னாரு" என்றார்.

அவ்வளவுதான். எனக்குள் எங்கோ லீவு முழுக்க அடைத்து வைத்திருந்தது உடைந்தது. சிரித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மேஜையில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். வாய் முழுக்க வலது காதுப் பக்கம் இழுத்துக்கொண்டு போவது எனக்கே தெரிந்தது. கை தானாக வாயை மூட எழுந்தது, அதைக் கீழே இறக்கிவிட்டேன். இழுத்தால் இழுத்துவிட்டுப் போகட்டும். பெற்றோர் சிரித்தார்கள், இப்போது என்னைப் பார்த்தே சிரித்தார்கள். கன்னட மிஸ் பக்கத்து வகுப்பிலிருந்து "ஏனாய்த்து, என்னாச்சு?" என்று எட்டிப் பார்த்துவிட்டு, விஷயம் தெரிந்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மேடம் கொஞ்ச நேரம் கௌரவமாக உட்கார்ந்து பார்த்தார். அப்புறம் அவரும் புடவைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். ஒருவழியாக அடங்கியதும், கட்டைவிரல் ஏன் உடம்புப் பக்கம் இருக்க வேண்டும், வெளிப்பக்கம் இருந்தால் பென்சிலை எப்படிப் பிடிப்பது, சோற்றை எப்படி உருட்டுவது என்று அந்தத் தப்பை வைத்தே மிச்சப் பாடத்தை முடித்தேன். நான் எடுத்த பெற்றோர் வகுப்புகளில் அதைவிட நல்லது எதுவும் இல்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது.

பெற்றோர் டீ குடித்துக் கிளம்பினார்கள். போகும்போது முதல் பெஞ்சுக்காரியின் அம்மா என் கையைப் பிடித்து, "தப்பா எடுத்துக்காதீங்க மிஸ், இவ வாய் அப்படி" என்றார். "அந்த வாயை மூடிடாதீங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றேன்.

எனக்கும் ஆயாம்மா ஒரு டம்ளர் டீ கொண்டு வந்து வைத்தார். கைக்குட்டையை இடது உதட்டில் அண்டக் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன். வழக்கம் போல நனைந்தது. சிரித்ததால் நரம்பு ஒன்றும் எழுந்துவிடவில்லை. எனக்கு அதைப் பற்றிப் பெரிய வருத்தமும் இல்லாமல் இருந்தது, அதுதான் எனக்கே ஆச்சரியம்.

அந்த வாரக் கடைசியில்தான் எலும்பண்ணனைச் சரி பண்ண நேரம் கிடைத்தது. அதற்குள் நான் மாஸ்க் இல்லாமல் நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு எல்லாம் எடுத்துவிட்டேன். வீட்டில் என் கணவர் மறுபடி தமாஷ் பேச ஆரம்பித்திருந்தார், அத்தனையும் அரதப் பழசு. நான் கோணல் வாயோடு சிரித்தேன், சோறு இறங்கியது. சனிக்கிழமை அரை நாள் பள்ளி முடிந்ததும் ஐந்தாம் வகுப்பு முழுக்க எலும்பண்ணனைச் சுற்றி நின்றது. ஆயாம்மாவும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து நின்றார். ஆளுக்கு ஒரு எலும்பைப் பிடித்துக்கொண்டு, இது இடது, இல்லை இது வலது என்று ஒரே கூச்சல். ஒருத்தன் காலைப் பிடித்து இழுக்க, இன்னொருத்தன் கொக்கியைத் திருக, மொத்த எலும்புக்கூடும் கம்பியோடு சாய்ந்தது. தலை ஆடியது.

"பொறுங்கடா, பிடுங்காதீங்க, பாவம் மண்டை போயிடப் போகுது" என்று போட்டேன் ஒரு சத்தம்.

கூச்சல் பட்டென்று நின்றது. நான் கம்பியைப் பிடித்து நிமிர்த்தினேன். பிள்ளைகள் எலும்பண்ணனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். லீவுக்கு முன்னால் அவர்கள் தினம் தினம் வாங்கிக் கட்டிக்கொண்ட பழைய சத்தம் அது. ஒரு எழுத்து குழறவில்லை. விரலும் உதட்டில் இல்லை, இரண்டு கையும் கம்பியில் இருந்தது.

முதல் பெஞ்சுக்காரி எலும்பண்ணனின் வலது கையை மார்போடு அணைத்தபடி என் வாயின் இடது மூலையையே உற்றுப் பார்த்தாள். அப்புறம், பக்கத்தில் குழந்தை தூங்கும்போது பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"எழுந்துட்டாங்க மிஸ்."